வைரஸ் கார்டை ஒன் பண்ண முடியவில்லை, “உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்” என்று வருகிறது. நிர்வாகி நான்தானே?

வாவிக்கரையான் (களுவாஞ்சிகுடி):

எல்லோருக்கும் வணக்கம். மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு கொமியூனிக்கேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, பிரிண்ட், லெமினேட்டிங், கல்யாணக் காட், கம்பஸ் விண்ணப்பம், பாஸ்போட் விண்ணப்பம் என்று வருகிற வேலையெல்லாம் செய்கிறோம். மூன்று கணினி இருக்கிறது, மூன்றிலும் விண்டோஸ் 10. இதில் நடுவில் இருக்கிற கணினியில்தான் பிரச்சினை. அதில்தான் நான் டிசைன் வேலை செய்கிறேன், அதில்தான் வருகிறவர்களின் பென்டிரைவையும் போடுகிறேன்.

ஒரு கிழமையாகக் கீழே மூலையில் இருக்கிற கேடயப் படத்தில் சிவப்புக் குறி. திறந்து பார்த்தால் விண்டோஸோடு வருகிற வைரஸ் கார்டான டிஃபெண்டர் ஓஃப் ஆகிக் கிடக்கிறது, திரும்ப ஒன் பண்ணப் பார்த்தால் பொத்தான் சாம்பல் நிறமாகி நகரவே மாட்டேன் என்கிறது. அதற்குக் கீழே, இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார் என்று எழுதியிருக்கிறது. கடைக்கு நிர்வாகி, காசாளர், கூட்டுகிறவன் எல்லாம் நான்தான், நான் ஒன்றையும் கட்டுப்படுத்தவில்லை.

சரி, வேறு வைரஸ் கார்ட் ஒன்று போடுவோம் என்று பார்த்தால் அந்தக் கம்பனிகளின் வெப்சைட் ஒன்றும் திறக்கவில்லை. ஃபேஸ்புக் திறக்கிறது, யூடியூப் திறக்கிறது, ஈமெயில் திறக்கிறது, இது மட்டும் இல்லை. போனில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டேன், செட்டப் ஒரு விநாடி தெரிந்து மறைகிறது. ஓடுகிற புரோகிராம்களைக் காட்டுகிற டாஸ்க் மேனேஜரும் அப்படித்தான், திறந்ததும் மூடுகிறது. அவசியமானது மட்டும் ஏறுகிற சேஃப் மோடுக்குப் போகப் பார்த்தேன், நீலத்திரை வந்து திரும்ப ஸ்டார்ட் ஆகிறது.

தெரிந்த பொடியன் ஒருவன் வந்து பார்த்து ரேம் பழுது என்று சொல்லி 1500 ரூபா வாங்கிக்கொண்டு போனான். ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டும் அதேதான். மற்றப்படி கணினி ஓடுகிறது, பிரிண்ட் போகிறது, கொஞ்சம் மெதுவு, ஃபேன் மட்டும் சும்மா இருக்கும்போதும் இரைகிறது. யாருக்காவது விளங்கினால் சொல்லுங்கள். போர்மட் பண்ணாமல் முடிக்க வழி இருந்தால் நல்லது, டிசைன் எல்லாம் அதற்குள்தான்.

சோக்கட்டி (அக்கரைப்பற்று):

பாடசாலையில் ஐசிடி படிப்பிக்கிறேன், எங்கள் லெப்பிலும் இதே மாதிரி வந்தது. பென்டிரைவால் வருகிற வைரஸ்தான். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் பண்ணுகிற டூல்கள் நெட்டில் சும்மா கிடைக்கும், ஒன்றை இறக்கி ஓடவிடுங்கள், பூட்டினதெல்லாம் திறந்துவிடும். மறுகா ஒரு நல்ல வைரஸ் கார்ட் போடுங்கள். பிள்ளைகளின் பென்டிரைவைப் போடும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு போடுங்கள், ஓட்டோரன் ஓடாது.

திருத்துநர் நானா (கல்முனை):

சேர் குறை நினைக்க வேண்டாம், அந்த டூலை மட்டும் இறக்கச் சொல்லாதீர்கள். நெட்டில் சும்மா கிடைக்கிற கிளீனர்களில் பாதி, வந்த நோயை விடப் பெரிய நோய். ஓட்டோரன் கதையும் பழசு, 2011 இலேயே மைக்ரோசொஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் கொடுத்து, பென்டிரைவில் அது தானாக ஓடுவதை நிற்பாட்டிவிட்டது. இப்போது பென்னில் வருகிறது நாம் கிளிக் பண்ணினால்தான் ஓடும், ஃபோல்டர் படம் போட்ட ஷோர்ட்கட்டாக இருக்கும், நாமும் ஃபோல்டர் என்று நினைத்துக் கிளிக் பண்ணுவோம்.

தம்பி வாவிக்கரையான், இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், உங்கள் ரேம் நல்லாத்தான் இருக்கும். நீங்கள் எழுதினது நாலு பிரச்சினை மாதிரித் தெரியும், உண்மையில் ஒன்றுதான். கள்ளன் வளவுக்குள் இறங்கினால் முதலில் நாய்க்கு இறைச்சித் துண்டு போடுவான். உங்கள் கணினியில் நாய்க்குப் போட்டாயிற்று.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நிர்வாகி கட்டுப்படுத்துகிறார் என்று வருகிறது ஏனென்றால், பெரிய கந்தோர்களில் நூறு கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து சட்டம் போடுவதற்கு விண்டோஸில் பொலிசி என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அது ரெஜிஸ்ட்ரியில் சில வரிகள், அவ்வளவுதான். வைரஸ் அந்த வரிகளை எழுதிவிட்டால் விண்டோஸ் அதை யார் எழுதினது என்று கேட்காது, மேலிடத்து உத்தரவு என்று நினைத்துப் பொத்தானைப் பூட்டிவிடும். கதவை உடைக்கவில்லை, உங்கள் பெயரில் கடிதம் எழுதிக் கொடுத்துத் திறப்பை வாங்கிவிட்டான்.

வெப்சைட் திறக்காதது பழைய வித்தை. விண்டோஸுக்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது, நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். இன்ன வெப்சைட் பெயருக்கு இன்ன முகவரி என்று அதில் எழுதினால் கணினி வெளியே கேட்காமல் அதையே நம்பும். வைரஸ் கார்ட் கம்பனிகளின் பெயரையெல்லாம் எழுதி 127.0.0.1 என்று போட்டுவிட்டால் உங்கள் கணினி தன்னைத்தானே போய்த் தட்டிக்கொண்டு நிற்கும். 2008 கடைசியில் கொன்ஃபிக்கர் என்ற வைரஸ் வந்தது ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அது ஹோஸ்ட்ஸைக்கூடத் தொடவில்லை, நினைவகத்தில் இருந்துகொண்டே வைரஸ் என்ற சொல்லோ கம்பனிகளின் பெயரோ வருகிற முகவரிகளை மறித்தது, விண்டோஸ் அப்டேட்டையும் நிற்பாட்டியது. அதைக் கண்டுபிடிக்க ஒருவர் நல்ல யோசனை பண்ணினார். ஒரே பக்கத்தில் அந்தக் கம்பனிகளின் சின்னங்களை அவற்றின் வெப்சைட்டிலிருந்தே வரவைத்தார், கண் டொக்டரிடம் எழுத்து வாசிக்கிற மாதிரி. மேல்வரிசைப் படங்கள் தெரியவில்லை என்றால் உங்களுக்கு வந்திருக்கிறது.

செட்டப் மறைவதும் டாஸ்க் மேனேஜர் மூடுவதும் இரண்டு விதத்தில் நடக்கும். ஒன்று, வைரஸ் ஓடிக்கொண்டே இருந்து, அந்தப் பெயரில் ஏதும் திறந்தால் அமுக்கும். மற்றது, புரோகிராம் எழுதுகிறவர்கள் பிழை தேடுவதற்காக விண்டோஸில் உள்ள ஒரு வசதி, இந்தப் பெயருள்ள ஃபைலைத் திறந்தால் அதற்குப் பதிலாக இன்னொன்றைத் திற என்று எழுதி வைக்கலாம். செட்டப்பின் பெயரை மீன்குழம்பு என்று மாற்றி ஓடவிட்டுப் பாருங்கள், சில நேரம் ஓடும். பகிடி இல்லை, நான் பல தடவை அப்படித்தான் உள்ளே போயிருக்கிறேன்.

சேஃப் மோட் வராததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சேஃப் மோடில் எவை எவை ஏற வேண்டும் என்ற பட்டியல் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது, அந்தப் பட்டியலையே அழித்துவிட்டால் நீங்கள் சொன்ன மாதிரி நீலத்திரைதான். சாலிட்டி என்று ஒரு பழைய வைரஸ் இதைச் செய்யும், அது எக்ஸி என்ற புரோகிராம் ஃபைல் ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து பென்னுக்குப் பென் தாவும். நம்மட பக்கத்துக் கொமியூனிக்கேஷன்களில் இன்னும் சுற்றுகிறது.

ஆனால் விண்டோஸ் 10 இல் டேம்பர் புரொடெக்‌ஷன் என்று ஒரு பூட்டு 2019 இலிருந்து இருக்கிறது. அது ஒன்னில் இருந்தால் ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுதினாலும் டிஃபெண்டர் கணக்கெடுக்காது, கையால் மௌஸைப் பிடித்துத்தான் ஓஃப் பண்ண வேண்டும். அதனால் ஒன்று கேட்கிறேன், வெட்கப்படாமல் சொல்லுங்கள். அண்மையில் காசு கட்டாமல் சொஃப்ட்வேரைத் திறக்கிற கிராக் ஏதும் போட்டீர்களா?

வாவிக்கரையான்:

நானா, ஓம்.

இரண்டு கிழமைக்கு முதல் ஒரு கல்யாணக் காட் வேலை, மாப்பிள்ளை வீட்டார் டிசைன் ஃபைலைப் புதிய வேர்ஷனில் கொண்டுவந்தார்கள், என்னிடம் இருந்தது பழசு, திறக்கவில்லை. யூடியூபில் ஒருவன் புதிய வேர்ஷன் சும்மா போடுவது எப்படி என்று காட்டியிருந்தான். கீழே லிங்க், சிப் ஃபைல், பாஸ்வேர்ட் 1234. முதலில் வைரஸ் கார்டை ஓஃப் பண்ணுங்கள், இல்லாவிட்டால் அது கிராக்கைத் தவறாக வைரஸ் என்று நினைத்து அழித்துவிடும் என்று வீடியோவில் சொன்னான். நீங்கள் சொல்கிற அந்த டேம்பர் என்ற பொத்தானையும் ஓஃப் பண்ணச் சொன்னான். நான் பண்ணினேன். ஓடவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை, சொஃப்ட்வேரும் வரவில்லை. சிப்பை அழித்துவிட்டு விட்டுவிட்டேன். காட்டைப் பழைய வேர்ஷனில் திரும்ப அடித்துக் கொடுத்தேன், அது வேறு கதை.

வெட்கத்தில்தான் முதலில் எழுதவில்லை. கடையில் பொடியன்களுக்கு நான்தான் கண்டதையும் இறக்காதே என்று ஏசுகிறவன்.

இப்போது கேள்வி, நான் ஓஃப் பண்ணினதைத் திரும்ப ஒன் பண்ணினால் சரியாகிவிடுமா? அப்படியென்றால் அந்த ரெஜிஸ்ட்ரி வரியை எங்கே அழிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இரவுஷிஃப்ட் (ஆரையம்பதி, இப்போது கொழும்பு):

அண்ணன், அந்த வரியை அழிக்க ஐந்து நிமிஷம் போதும், ஆனால் தயவுசெய்து இன்றைக்கு அதைச் செய்து நிம்மதியாகப் படுக்க வேண்டாம். நான் ஒரு கம்பனியில் வாடிக்கையாளர்களின் கணினிகளில் வருகிற அலர்ட்களை இரவிரவாகப் பார்க்கிற வேலை செய்கிறேன். எங்களுக்கு வைரஸ் கார்ட் நின்றுவிட்டது என்று ஒரு அலர்ட் வந்தால் அதைத் திரும்ப ஓடவைப்பது கடைசி வேலை. முதல் கேள்வி எப்போது நின்றது, நின்றிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான். உங்கள் கடையில் அது இரண்டு கிழமை.

சிப்புக்குப் பாஸ்வேர்ட் போடுவது உங்களைப் பாதுகாக்க இல்லை. பாஸ்வேர்ட் போட்ட சிப்புக்குள் பிரவுசரோ ஈமெயிலோ வைரஸ் கார்டோ எட்டிப் பார்க்க முடியாது, நீங்கள் பிரித்தபிறகுதான் தெரியும், அதற்கு முதல் நீங்களே காவலை நிற்பாட்டிவிட்டீர்கள். சில நேரம் உள்ளே இருக்கிற எக்ஸி 700 எம்பி இருக்கும், முக்கால்வாசியும் வெறும் பூச்சியங்கள். பெரிய ஃபைல்களை ஸ்கேனர்கள் தாண்டிப் போவதால் ஊதிப் பெருப்பிக்கிறார்கள்.

ஓடினதும் அது முதலில் செய்கிற வேலை பெரும்பாலும் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் போய் சி டிரைவ் முழுவதையும் சேர்ப்பது. அப்படிச் சேர்த்துவிட்டால் டிஃபெண்டர் ஒன்னில் இருக்கும், பச்சைக் குறி இருக்கும், அப்டேட்டும் ஆகும், ஆனால் சி டிரைவைப் பார்க்காது. வீட்டுக் கணினிகளில் டேம்பர் புரொடெக்‌ஷன் இந்தப் பட்டியலைப் பூட்டுவதும் இல்லை, அட்மின் அனுமதி கிடைத்தால் யாரும் எழுதலாம். அதனால்தான் பொத்தானை மட்டும் திருப்ப வேண்டாம் என்கிறேன், பச்சை தெரிந்தால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். உண்மையில் உங்களுக்குச் சிவப்பு தெரிந்தது அதிர்ஷ்டம். கெட்டிக்காரன் என்றால் விலக்கோடு நிற்பாட்டியிருப்பான், நீங்கள் இங்கே எழுதியே இருக்க மாட்டீர்கள். ஃபேன் இரைகிறது என்றீர்களே, யாரோ உங்கள் கரண்டில் பிட்கொயின் மாதிரி டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறான் என்று நினைக்கிறேன். அது சத்தம் போடுகிறவன். எனக்குச் சத்தம் போடாதவனைப் பற்றித்தான் பயம்.

இந்த மாதிரிக் கிராக்குகளோடு அதிகம் வருவது பாஸ்வேர்ட் திருடிகள். 2025 மேயில் லும்மா என்ற ஒன்றின் வலையமைப்பை மைக்ரோசொஃப்டும் அமெரிக்க நீதித் திணைக்களமும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் 394,000 விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசொஃப்ட் சொன்னது. அந்த வகை உள்ளே வந்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், நீங்கள் லொகின் ஆகியிருப்பதைக் காட்டுகிற குக்கி எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிட்டு, பெரும்பாலும் தன்னை அழித்துக்கொண்டு போய்விடும். ஒரு நிமிஷ வேலை. ஒன்றும் நடக்கவில்லை, சொஃப்ட்வேர் வரவில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு நிமிஷம் அதுவாக இருக்கலாம். இப்போது போய் ஸ்கேன் பண்ணினால் அது அங்கே இருக்காது.

உங்கள் கடையில் இது உங்கள் பாஸ்வேர்ட் மட்டும் இல்லை அண்ணன். விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களுக்கு ஈமெயில் திறந்து கொடுக்கிறீர்கள்தானே? அந்தப் பாஸ்வேர்டெல்லாம் எங்கே சேமித்திருக்கிறது? அடையாள அட்டை ஸ்கேன், பேங்க் புத்தக ஸ்கேன்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கணினியின் நெட் வயரை இப்போதே கழற்றுங்கள், வைஃபையையும் நிற்பாட்டுங்கள். சுத்தமான வேறொரு கணினியில் ரெஸ்கியூ டிஸ்க் ஒன்றைப் பென்டிரைவில் எழுதுங்கள், பெரிய வைரஸ் கார்ட் கம்பனிகள் சில இலவசமாகத் தருகின்றன. அந்தப் பென்னிலிருந்து கணினியைக் கிளப்பினால் உங்கள் விண்டோஸ் ஓடவே ஓடாது, விண்டோஸ் ஓடாவிட்டால் அதற்குள் இருப்பதும் ஓடாது, படுத்துக் கிடக்கிறவனை வெளியிலிருந்து தேடலாம். நோய் பிடித்த விண்டோஸிடமே உனக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் அது பொய்தான் சொல்லும். ஸ்கேன் முடிந்ததும் டிசைன் ஃபைல், படம், டொக்கியூமென்ட் மட்டும் எடுங்கள், எக்ஸி ஒன்றும் எடுக்க வேண்டாம். மறுகா டிஸ்க்கை முழுக்க அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுங்கள். போர்மட் வேண்டாம் என்று கேட்டீர்கள், மன்னிக்க வேண்டும், வேறு வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பாஸ்வேர்ட்களை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கணினியிலிருந்து மாற்றினால் புதியதையும் கொடுத்ததாகத்தான் அர்த்தம். மாற்றிவிட்டு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதையும் அமுக்குங்கள். குக்கி கையில் இருந்தால் அவனுக்குப் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை, ஏற்கனவே உள்ளே இருக்கிற ஆள் மாதிரித்தான்.

குளத்துமேட்டான் (அம்பாறை):

இதெல்லாம் சும்மா கிடைக்கிற டிஃபெண்டரை நம்பினதால் வந்த வினை. நான் வருஷா வருஷம் காசு கட்டி வைரஸ் கார்ட் போடுகிறேன், ஆறு வருஷமாக ஒரு பிரச்சினை இல்லை. காசு கொடுத்து வாங்கினதை எந்த வைரஸாலும் ஓஃப் பண்ண முடியாது, அதற்குத் தனிப் பாஸ்வேர்ட் இருக்கிறது.

இரவுஷிஃப்ட்:

காசு கட்டுவது நல்லது, அந்தப் பாஸ்வேர்டும் நல்லது, உங்களை யாரும் குறிவைக்காத வரைக்கும் போதும். ஆனால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், என் இரவுகள் போவதே அதில்தான்.

வைரஸ் கார்டின் பலம் எல்லாம் விண்டோஸின் அடித்தளத்தில், கேர்னலில் இருப்பதில்தான் இருக்கிறது. சாதாரண புரோகிராம் மேலே நின்று கத்தினாலும் கீழே இருப்பதைக் கொல்ல முடியாது. அப்படியென்றால் அவனும் கீழே இறங்க வேண்டும், கீழே இறங்க டிஜிட்டல் கையெழுத்திட்ட டிரைவர், அதாவது அந்த அடித்தளத்தில் ஓடுகிற சின்னப் புரோகிராம், வேண்டும், கள்ளனுக்கு யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்? இங்கேதான் விளையாட்டு. அவன் சொந்தமாக எழுதுவதில்லை, நல்ல கம்பனி ஒன்று எப்போதோ வெளியிட்ட, கையெழுத்துள்ள, ஓட்டை உள்ள பழைய டிரைவரைத் தானே கையோடு கொண்டுவருகிறான். விண்டோஸ் கையெழுத்தைப் பார்த்து உள்ளே விடுகிறது, அவன் அந்த ஓட்டையால் வைரஸ் கார்டைக் கொல்கிறான். 2020 இல் ரொபின்ஹூட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிக் காசு கேட்கிற வகை), கிகாபைட் மதர்போர்டுகளோடு வந்த டிரைவரை வைத்து இதைச் செய்ததைச் சோஃபோஸ் என்ற வைரஸ் கார்ட் கம்பனி எழுதியது. 2022 இல் கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமில் கள்ள ஆட்டம் பிடிக்கிற டிரைவரை வைத்துச் செய்தார்கள், அந்தக் கேம் உங்கள் கணினியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, டிரைவர் ஃபைல் மட்டும் போதும். அதே வருஷம் அவோஸ்லொக்கர் என்ற ரான்சம்வேர் அவாஸ்ட்டின் டிரைவரையே பாவித்தது. வைரஸ் கார்ட் கம்பனியின் டிரைவரால் மற்ற வைரஸ் கார்டுகளைக் கொல்வது. 2023 இல் டெர்மினேட்டர் என்று பெயர் வைத்து இப்படியொரு கருவியை 300 டொலரிலிருந்து 3000 டொலர் வரைக்கும் விற்றான் ஒருவன்.

சேஃப் மோடும் அப்படித்தான். நாங்கள் வைரஸைப் பிடிக்கப் போகிற இடத்துக்கு 2019 இல் ஸ்னாட்ச் என்ற ரான்சம்வேர் எங்களுக்கு முதலே போய்விட்டது. தன்னை சேஃப் மோடில் ஓடுகிற சேவையாகப் பதிந்து, கணினியை சேஃப் மோடில் ரீஸ்டார்ட் பண்ணி, வைரஸ் கார்ட் ஏறாத அந்த நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டியது. வேறு சிலர் கொல்வதும் இல்லை. வைரஸ் கார்டை ஓடவிட்டு, அது தன் சேர்வரோடு பேசுகிற வழியை மட்டும் கணினிக்குள்ளேயே மறித்துவிடுவார்கள். அது பாவம் உள்ளே இருந்து கத்திக்கொண்டிருக்கும், எங்களுக்கு ஒரு சத்தமும் வராது. அதனால் ஒரு கணினி காரணமில்லாமல் பேசாமல் போனால் அதையே அலர்ட்டாக எடுக்கப் பழகிவிட்டோம். விண்டோஸ் 11 இல் 2022 அப்டேட்டிலிருந்து ஓட்டை டிரைவர்களின் தடைப் பட்டியல் தானாகவே ஒன்னில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் ஏறாத டிரைவரை அது தடுக்காது.

இதற்கெல்லாம் முதல் அவனுக்கு அட்மின் அனுமதி வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வாவிக்கரையான் அண்ணனின் கடையில் டிரைவரும் தேவைப்படவில்லை ஒன்றும் தேவைப்படவில்லை, அனுமதி கேட்கிற பெட்டியில் ஆம் என்று ஒரு கிளிக் கிடைத்தது. தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதாரணக் கணக்கைப் பாவித்தால் அந்த ஆம் அமுக்கும்போது பாஸ்வேர்ட் கேட்கும், கை ஒரு விநாடி நிற்கும். காசு கட்டுகிற வைரஸ் கார்டை விட அந்த ஒரு விநாடியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

திருத்துநர் நானா:

தம்பி எழுதினது எல்லாம் சரி. நான் கடையில் பார்த்ததை மட்டும் சேர்க்கிறேன். கிராக்கோடு பாஸ்வேர்ட் திருடி மட்டும் இல்லை, ஸ்டொப் என்ற ரான்சம்வேரும் வரும். விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று பொய்யாக ஒரு பெட்டியைக் காட்டிக்கொண்டு ஃபைல்களைப் பூட்டும், ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ ஒன்று வைத்து 980 டொலர் கேட்கும், 72 மணித்தியாலத்துக்குள் வந்தால் பாதி என்று சொல்லும். பூட்டுவதற்கு முதல் விண்டோஸ் எடுத்து வைத்த பழைய நிழல் பிரதிகளையும் அழித்துவிடும், அதுவும் பாதுகாப்புத்தானே, அதையும் விடமாட்டான். பிள்ளையின் புராஜெக்ட் போச்சு என்று தாய்மார் கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், நான் கையை விரிப்பேன். இதில் எம்சிசொஃப்ட் என்ற வைரஸ் கார்ட் கம்பனி 2019 இல் கொடுத்த டூலால் பழையவை சில திறக்கும், புதியவை அதிகம் திறக்காது.

டிசைனை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் ஈமெயிலுக்கே ரான்சம்வேர் வந்து, மே 17 இலிருந்து ஆகஸ்ட் 26 வரைக்குமான கடிதங்கள் போனதே, பெக்கப் இல்லாமல் இல்லை, பெக்கப்பும் அதே வயரில் தொங்கினதால் சேர்ந்து பூட்டுப்பட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கடை திறந்திருக்கும், கணினியைக் கொண்டுவாருங்கள், ரெஸ்கியூ பென் என்னிடம் இருக்கிறது. ரேமுக்குக் கொடுத்த 1500 ஐயும் நான் வாங்க மாட்டேன்.

வாவிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை கல்முனைக்குப் பஸ்ஸில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நானாவின் பென்னில் கிளப்பி ஸ்கேன் பண்ண மூன்று மணித்தியாலம் எடுத்தது. நாணயம் தோண்டுகிறது ஒன்று இருந்தது, பிரிண்டர் டிரைவர் என்ற பெயரில் ஃபோல்டர் செய்து படுத்திருந்தது. பென்டிரைவ் ஷோர்ட்கட் வைரஸும் இருந்தது, அது எத்தனை வருஷமாக இருந்ததோ, நான் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தேனோ. ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தோம், கீழே போகப் போக வைரஸ் கார்ட் கம்பனிகளின் பெயர்தான். விலக்குப் பட்டியலில் தம்பி சொன்ன மாதிரியே சி டிரைவ் முழுசாக நின்றது. அதைப் பார்க்கத்தான் வயிறு கலங்கியது, மற்றதெல்லாம் பழுது என்று தெரிந்தது, இது பார்க்க ஒரு சாதாரண அமைப்பு மாதிரி இருந்தது. பாஸ்வேர்ட் திருடி ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாது என்று தம்பி முதலே சொன்னதால் அதைக் கேட்டு நான் சந்தோசப்படவும் முடியவில்லை.

டிசைனை எடுத்துக்கொண்டு முழுக்க அழித்து விண்டோஸ் போட்டாயிற்று. என் கணக்குக்குக் கீழே சாதாரணக் கணக்கு ஒன்று செய்து அதில்தான் வேலை. அட்மின் பாஸ்வேர்ட் என் மனைவியிடம், அது நானாவின் யோசனை, நான் விரும்பவில்லை.

மிச்சம் இருக்கிற வேலை பெரிசு. பிரவுசரில் சேமித்திருந்தது என் கணக்குகளோடு சேர்த்து 63. அதில் நாற்பதுக்கு மேல் நான் மற்றவர்களுக்குத் திறந்து கொடுத்த ஈமெயில்கள், பாதிப் பேருக்குத் தங்கள் பாஸ்வேர்ட் என்னவென்றே தெரியாது, நான்தான் வைத்திருந்தேன். கொப்பியில் பெயரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக எடுத்துச் சொல்கிறேன். சிலர் கட்டாருக்குப் போய்விட்டார்கள், சிலரின் நம்பர் இல்லை. ஒரு அம்மா, உனக்குத்தானே மனே தெரியும், நீயே மாற்றிவிடு என்றார். கடைக்கு வரச் சொல்லி அவரின் போனிலேயே மாற்றிக் கொடுத்தேன், புதிய பாஸ்வேர்டை நான் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

சோக்கட்டி:

நானா சொன்னதற்குப் பிறகு லெப்பில் நான் போட்ட அந்தக் கிளீனரைப் போய்ப் பார்த்தேன். ஒன்பது கணினியிலும் பிரவுசரின் முதற்பக்கம் மாறிக் கிடக்கிறது, தேடினால் வேறெங்கோ போகிறது. விலக்குப் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கிறது. ரெஸ்கியூ பென்னை எப்படி எழுதுகிறது என்று சொல்வீர்களா, அல்லது நானும் பஸ் ஏறவா?

திருத்துநர் நானா:

ஒன்பதையும் பஸ்ஸில் ஏற்றாதீர்கள் சேர், பென்னை நான் கொண்டுவருகிறேன், செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. வாவிக்கரையான் தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன், கடை ரூட்டரின் பாஸ்வேர்ட் இன்னும் அடியில் ஒட்டியிருக்கிற அதேதானா? அதற்குள் போய், வெப்சைட் பெயருக்கு முகவரியை யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்கிற டிஎன்எஸ் என்ற இடத்தில் என்ன நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே மாற்றியிருந்தால் புது விண்டோஸ் போட்டும் மூன்று கணினியும் அவன் சொல்கிற முகவரிக்குத்தான் போகும்.

வாவிக்கரையான்:

அதேதான் நானா. இப்போது பார்க்கிறேன்.